எலும்பு ஒட்டிய பிறகும் நடக்க முடியாமல் இருந்த மாதங்கள்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை மாலை, மெயின் ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, இறங்கும் கருங்கற் படிகளில் நான் வழுக்கி விழுந்தேன். மொத்தம் 43 படிகள். நடக்கப் பழகிய நாளிலிருந்து மழையிலும் இருட்டிலும் ஏறி இறங்கிய படிகள்தான். அன்று ஒரு கையில் குடையும் மறு கையில் பிள்ளைகளின் கொப்பிகள் நிறைந்த பையும் இருந்ததால், பாசி படிந்த கல்லில் இடது பாதம் உட்புறமாக மடங்கியபோது எதையும் பற்றிக்கொள்ள எனக்குக் கை இருக்கவில்லை. காய்ந்த சுள்ளியை ஒடித்தது போன்ற ஒரு சத்தம் கேட்டது. அது என் காலுக்குள்ளிருந்து வந்தது என்று புரிய சில கணங்கள் ஆயின.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அம்மா கொழுந்து பறித்த காலத்தில் கிடைத்த காம்பராவில், அதாவது லயத்து அறையில், நான் தனியாக வசிக்கிறேன். அம்மா இறந்துவிட்டார், அண்ணன் குடும்பத்துடன் கொழும்பில் இருக்கிறார். மேல் டிவிசனில் உள்ள வாசிகசாலையில் மாலை நேரங்களில் தமிழும் வரலாறும் கற்பிக்கும் வகுப்புதான் என் வருமானம். அந்த ஒரு முறை விழுந்ததனால் எனக்கு ஏழு மாதங்களும் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேலும் போயின. அதில் பாதிக்கு மேற்பட்டது எலும்பு முறிந்ததனால் போனதல்ல, என் உடம்பு எப்படி நிற்கிறது, எப்படி நடக்கிறது என்பதை நான் அறியாதிருந்ததனால் போனது. அதை யாராவது அன்றே என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று பல இரவுகள் அழுதிருக்கிறேன். இதே மலையில் இதே போன்ற படிகளில் தினமும் இறங்குகிறவர்களுக்கு உதவக்கூடும் என்ற எண்ணத்தில் நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

விழுந்த இடத்திலிருந்து என்னைத் தாங்கி வந்தவர் பக்கத்துக் காம்பரா அக்கா. இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், உட்கார வைத்துச் செருப்பைக் கழற்றியபோதே கணுக்காலின் வெளிப்புறம் முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. அங்கே கூடியவர்கள் எல்லோரும் ஒரே விடயத்தைச் சொன்னார்கள். "வெரலு அசையுதுல்ல டீச்சர், அப்ப எலும்புக்கு ஒன்னும் ஆகல, சுளுக்குதான்" என்றார் அக்கா. நானும் விரல்களை அசைத்துப் பார்த்து மனம் ஆறினேன். அந்த ஆறுதல் எவ்வளவு பிழையானது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். கால் விரல்களைப் பெரிதாக மடக்கி நீட்டும் தசைகள் பாதத்தில் இல்லை. அவை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கின்றன, அங்கிருந்து தசைநாண்கள் கயிறுகளைப் போலக் கணுக்காலைக் கடந்து விரல்வரை ஓடுகின்றன. பொம்மலாட்டக்காரர் மேலிருந்து நூலை இழுத்தால் கீழே பொம்மையின் கை அசைவதைப் போன்றது இது. நூல் அறுந்தால்தான் அசைவு நிற்கும். பக்கத்திலுள்ள எலும்பு உடைந்திருந்தாலும் நூல் அறாதவரை விரல் அசைந்துகொண்டுதான் இருக்கும். போதாததற்கு, கணைக்காலில் உள்ள இரண்டு எலும்புகளில் உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது உட்புறத்துத் தடித்த எலும்பு. வெளிப்புறத்து மெல்லிய எலும்பு மிகச் சிறிய பங்கையே தாங்குகிறது. ஆகவே வெளியெலும்பு முறிந்த ஒருவரால் நொண்டியபடி சில அடிகள் எடுத்து வைக்கவும் முடியும். விரல் அசைவதும் நொண்டி நடப்பதும் முறிவு இல்லை என்பதற்குச் சான்றுகள் அல்ல.

வைத்தியர்கள் பார்க்கும் முறை வேறு. அதைத் தெரிந்து வைத்திருங்கள். கணுக்காலின் இரு பக்கங்களிலும் உருண்டையாகத் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பையும் நுனியையும் விரலால் மெதுவாக அழுத்தும்போது அந்த இடத்திலேயே வலி எடுத்தால், அல்லது விழுந்தவுடனும் பின்னர் வைத்தியர் பார்க்கும் வேளையிலும் நான்கு அடிகள் எடுத்து வைக்க முடியாதிருந்தால், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். எனக்கு இந்த இரண்டு அடையாளங்களும் இருந்தன. நான் எடுத்து வைத்தவை இரண்டே அடிகள்.

பெற்றோலுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற காலம் அது. தோட்டத்துக்குள் வரக்கூடிய ஒரே ஆட்டோக்காரத் தம்பி, வைத்தியசாலைக்குப் போய்வர 4,500 ரூபாய் கேட்டார். பெற்றோலை அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்பது எனக்குத் தெரியும், ஆகையால் அவர்மீது எனக்குக் குறையில்லை. அந்தத் தொகையை ஒரு சுளுக்குக்காகச் செலவழிக்க மனம் வராமல், நடந்து வந்து பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு முறிவு நெரிவு வைத்தியரை வரவழைத்தேன். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணம் எதுவுமின்றி வரும் என்பது அப்போது என் நினைவுக்கே வரவில்லை. மாரடைப்புக்கும் பாரிய வாகன விபத்துக்கும்தான் அதை அழைக்கலாம் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். காலை ஊன்ற முடியாமல் படியடியில் கிடப்பதும் அவசரம்தான்.

பதினொரு நாட்கள் எண்ணெய் தேய்த்து, பற்றுப் போட்டு, பட்டைகள் வைத்துக் கட்டினோம். தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கண்ணில் நீர் நிறைந்தது. வலித்தால்தான் குணமாகும் என்று சொல்லப்பட்டதை நானும் நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முறிந்த எலும்பின் முனைகளைச் சுற்றி முதல் நாட்களில் இரத்தம் கட்டியாக உறைந்து நிற்கும். எலும்பு மீண்டும் வளர்வதற்கான தொடக்கமே அந்த உறைவுதான். அசையாமல் வைத்திருக்க வேண்டிய அந்த நேரத்தில், அந்த இடத்தைத்தான் நாங்கள் நாளுக்கு இரண்டு முறை தேய்த்துக் கலைத்துக்கொண்டிருந்தோம். நம் மலைப்பக்கத்தில் கைராசியும் பொறுப்பும் உள்ள நாட்டு வைத்தியர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் எக்ஸ்ரே இல்லாமல் கையே வைக்க மாட்டார்கள். என்னைப் பார்த்தவர் அதைக் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. யாரிடம் வைத்தியம் செய்வது என்பது அவரவர் முடிவு. முதலில் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதைப் படமாகப் பார்த்துவிட்டு அந்த முடிவை எடுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அங்கே போனது 6,500 ரூபாய். பணத்தைவிட அந்தப் பதினொரு நாட்களே பெரிய இழப்பு.

பன்னிரண்டாம் நாள் பாதம் முழுவதும் நீலமும் மஞ்சளுமாகிவிட்டதைப் பார்த்த அக்கா, என்னைக் கேட்காமலே ஆட்டோவை அழைத்து வந்தார். வைத்தியசாலையில் அன்று எக்ஸ்ரே எடுக்க முடியாமையால், துண்டு எழுதித் தந்து வெளியில் எடுத்து வரச் சொன்னார்கள். அதற்கு 2,800 ரூபாய். படத்தில் வெளியெலும்பின் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரு கருங்கோடு தெரிந்தது. கணுக்கால் என்பது இரண்டு கணைக்கால் எலும்புகளின் நுனிகளும் இரு புறமும் கவைபோல நிற்க, அவற்றின் நடுவே பாதத்தின் மேலெலும்பு பொருந்தி அமர்ந்திருக்கும் ஓர் அமைப்பு. கதவு நிலையில் கதவு பொருந்துவதைப் போன்றது. அந்தக் கவை சிறிதளவு அகன்றுவிட்டாலும் உள்ளே இருக்கும் எலும்பு சரியாக உட்காராது. பின்னாட்களில் மூட்டு தேய்வதற்கு அதுவே வழியாகிவிடும். என் அதிர்ஷ்டம், விலகல் மிகச் சிறியதாக இருந்ததால் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டர் போட்டு, ஆறு வாரங்களுக்கு அந்தக் காலை ஊன்றவே கூடாது என்றார்கள்.

இந்த இடத்தில் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். வைத்தியர் சிங்களத்தில் நிதானமாக நிறைய விளக்கினார். எனக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குச் சிங்களம் தெரியும், உடம்பைப் பற்றிய சிங்களம் தெரியாது. படித்தவள் என்று பெயர் வாங்கியவள் புரியவில்லை என்று சொல்வதா என்ற கூச்சத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் சொன்னவற்றில் "ஆறு வாரம்" மட்டுமே என் மனத்தில் நின்றது. ஆறு வாரங்களில் பிளாஸ்டரை வெட்டுவார்கள், அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம், மறுநாள் வகுப்பைத் தொடங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் திகதி சொல்லியனுப்பினேன். தாதியரில் தமிழ் தெரிந்தவர் இருந்தார். "மிஸ், கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க" என்று நான் கேட்டிருந்தால் ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். கேளுங்கள். கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பிளாஸ்டர் போட்ட முதல் இரவு, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து இறுகத் தொடங்கின. மடித்த கம்பளிகளை அடுக்கி, நெஞ்சின் மட்டத்துக்கு மேலே காலை உயர்த்தி வைத்த பிறகு ஒரு மணித்தியாலத்தில் நிறம் திரும்பியது. காலில் இறங்கும் இரத்தத்தை மீண்டும் மேலே தள்ளுவதற்கு நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் நாளங்களைப் பிழிந்துகொடுக்க வேண்டும். பிளாஸ்டருக்குள் அந்தத் தசை உறங்கிக் கிடப்பதால் இரத்தம் கீழே தேங்குகிறது. உயர்த்தி வைத்தும் நிறம் திரும்பாமல், விரல்கள் மரத்து, மருந்துக்கும் அடங்காத வலி கூடிக்கொண்டே போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அதேபோல் கெண்டைக்காலில் புதிதாக வலி கண்டாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தேங்கிய இரத்தம் உறைந்திருக்கக்கூடும், அந்த உறைவு நுரையீரலுக்கும் சென்றிருக்கக்கூடும். உடனே போக வேண்டும்.

ஊன்றுகோல்கள் இரண்டை 5,200 ரூபாய்க்கு வாங்கினேன். அவற்றின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரியாமல், அக்குளில் முழுப் பாரத்தையும் தொங்கவிட்டு ஒரு வாரம் நடந்ததில் வலது கை மரத்துப்போனது, விடியற்காலையில் குவளையைப் பிடிக்க முடியவில்லை. அக்குளின் வழியாகத்தான் கைக்குச் செல்லும் நரம்புகள் இறங்குகின்றன. கோலின் தலைக்கும் அக்குளுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல்கள் புகும் இடைவெளி இருக்க வேண்டும், முழங்கை சற்றே மடிந்திருக்க வேண்டும், பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும். இது எல்லோருக்கும் பொருந்தும். தனியாக வசிப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. இரண்டு கைகளும் கோலைப் பிடித்திருக்கும்போது ஒரு கோப்பைத் தேநீரைக்கூட அடுப்படியிலிருந்து இஸ்தோப்புக்குக் கொண்டுவர முடியாது. முதல் பத்து நாட்களும் அடுப்பின் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றே குடித்தேன். பிறகு அம்மாவின் பழைய துணிப்பையைக் கழுத்தில் மாட்டி, மூடியிறுக்கிய பிளாஸ்கை அதில் வைத்துக் கொண்டுவரப் பழகினேன். கழிப்பறை வெளியில், சேற்றுப் பாதையைத் தாண்டி இருக்கிறது. கோலின் அடி ரப்பர் தேய்ந்தால் சேற்றில் வழுக்கும், அதை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த ஆறு வாரங்களில் எலும்புக்குள் என்ன நடந்தது என்பதை எண்ணும்போது எனக்கு இப்போதும் வியப்பும் நன்றியும் உண்டாகின்றன. உறைந்த இரத்தத்தின் இடத்தில் முதலில் மிருதுவான குருத்துப் பாலம் ஒன்று உருவாகிறது, பின்னர் அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து கடினமாகிறது, அதன் பிறகு மாதக்கணக்காக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்காக, உடம்பு அந்தப் பாலத்தைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. தழும்பு விடாமல் தன்னைத் தானாகவே மீண்டும் கட்டிக்கொள்ளும் உறுப்புகள் நம் உடம்பில் மிகச் சில, எலும்பு அவற்றில் ஒன்று. அது வெறும் சுண்ணாம்புக் கல்லும் அல்ல. கோழியின் கால் எலும்பைச் சில நாட்கள் வினாகிரியில் ஊறவைத்தால் தாதுக்கள் கரைந்து, றப்பரைப் போல வளையும் புரத நார் மட்டும் மிஞ்சும். சுண்ணாம்பும் நாரும் சேர்ந்திருப்பதனால்தான் அது பாரத்தையும் தாங்குகிறது, சிறிது வளைந்தும் கொடுக்கிறது. ஆகையால் பால் மட்டும் குடித்தால் போதாது, புரதமும் வேண்டும். நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிட்டேன். பருப்பு, கௌப்பி, முட்டை, அக்கா ஊரிலிருந்து வரவழைத்துத் தந்த முருங்கைக் கீரை ஆகியவையே என் உணவாக இருந்தன. எங்கள் பக்கத்தில் ஜூன், ஜூலையில் நாட்கணக்காக வெயிலே தெரியாது. மேகம் விலகும் நேரத்தில் இஸ்தோப்பின் ஓரத்தில் கையையும் காலையும் வெயிலில் காட்டி உட்காருவேன். சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்வதற்கு வேண்டிய விற்றமின் டி அந்த வெயிலில்தான் நம் தோலில் உருவாகிறது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிளாஸ்டரை வெட்டினார்கள். எலும்பு நன்றாக ஒட்டியிருப்பதாகச் சொன்னார்கள். மகிழ்ச்சியோடு காலைப் பார்த்த நான் திகைத்துப்போனேன். உலர்ந்த தோல் உதிர, எலும்பின்மேல் துணி சுற்றியதுபோல ஒரு கால். வீட்டுக்கு வந்து தையல் நாடாவால் அளந்தேன். வலது கெண்டைக்காலைவிட இடது கெண்டைக்கால் நான்கு சென்ரிமீற்றர் சிறுத்திருந்தது. எழுந்து இரண்டு அடி வைத்ததும் முழங்கால் தானாக மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். எலும்பு மீண்டும் உடைந்துவிட்டதென்று நினைத்து அலறினேன். உடைந்தது எலும்பு அல்ல. ஒட்டிய எலும்பு தூணைப் போல உறுதியாகத்தான் நின்றது. தூணைப் பிடித்து நிறுத்தவும் அசைக்கவும் வேண்டிய கயிறுகள்தான் இளகிப்போயிருந்தன.

முதிர்ந்தவரின் உடம்பில் 206 எலும்புகள், அவற்றை அசைக்க 600க்கும் மேற்பட்ட தசைகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது என்பதை நான் அந்த மாதத்தில்தான் உணர்ந்து புரிந்துகொண்டேன். பாதத்தின் முன்பகுதியைக் கீழே அழுத்துவதற்குக் கெண்டைக்கால் தசை குதிநாணைப் பிடித்துக் குதிகாலை மேலே இழுக்கிறது. பாதத்தை மீண்டும் மேலே உயர்த்துவதற்கு முழந்தாளின் கீழே முன்புறத்திலுள்ள வேறொரு தசை இழுக்க வேண்டும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். இப்படி எதிரெதிராக நிற்கும் இணைகளில் ஒன்று மெலிந்தாலும் அசைவு கோணிவிடும். வேலை கொடுக்காத தசையை உடம்பு சில நாட்களிலேயே மெலிக்கத் தொடங்குகிறது. நல்ல வேளையாக, தசையின் இழைகள் அழிந்துவிடுவதில்லை, மெல்லியதாகின்றன. ஆகவே அவற்றை மீண்டும் பருக்கவைக்க முடியும். ஆனால் அது பிளாஸ்டருக்குள் காத்திருப்பதைப் போலச் சும்மா இருந்து நடக்கிற காரியமல்ல.

சமவெளியில் வசிக்கும் ஒருவர் இந்த நிலையில் மெதுவாக நடந்து சமாளித்திருக்கக்கூடும். எனக்கு முன்னால் 43 படிகள் இருந்தன. ஏறுவதுதான் கடினம், இறங்குவது எளிது என்று எண்ணியிருந்தேன். உண்மை வேறாக இருந்தது. படியில் இறங்கும்போது வேலை செய்வது கீழே வைக்கும் கால் அல்ல, மேற்படியில் நிற்கும் கால். அதன் முன்தொடைத் தசை இறுகிக்கொண்டே நீள வேண்டும், கொழுந்து லொறி பள்ளத்தில் இறங்கும்போது சாரதி பிரேக்கை மிதித்தபடியே அதை மெதுவாக இறக்குவதைப் போல. அதே நேரத்தில் அந்தக் காலின் கணுக்கால் முன்னோக்கி நன்றாக மடிய வேண்டும். ஆறு வாரம் ஒரே கோணத்தில் இருந்த என் கணுக்கால் மடிய மறுத்தது, மெலிந்த தொடை பிரேக் பிடிக்க மறுத்தது. இதனால்தான் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது நோயுற்ற காலை முதலில் வைக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு முறையும் உடம்பைத் தூக்குவதும் இறக்குவதும் நல்ல காலின் பொறுப்பாகிவிடுகிறது. காரணம் தெரிந்தால் இந்த விதி மறக்காது.

என் அம்மாவை அந்த நாட்களில் அதிகம் நினைத்தேன். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, கழுத்தாலும் முதுகாலும் அந்தப் பாரத்தைத் தாங்கியபடி, மழையில் சரிவான மலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறி இறங்கியவர். மாலையில் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, "ஏறுறது ஒன்னும் இல்ல புள்ள, எறங்குறதுதான் உசுரு போகுது" என்பார். களைப்பில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் இருந்திருக்கிறேன். அவர் சொன்னது உடலியல் உண்மை. நீண்டபடி பாரம் தாங்கும் தசைதான் அதிகம் நோகும், முழங்கால் சில்லின்மீது அழுத்தமும் இறக்கத்தில்தான் கூடும். எங்கள் பெண்களின் முழங்கால் வலியை வயதாகிவிட்டது என்று ஒதுக்கிவிடுவது அநியாயம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிளாஸ்டரை வெட்டிய அன்று வாரம் இரண்டு முறை இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்கு வரும்படி எழுதித் தந்தார்கள். ஒரு முறை போனேன். போய்வர 3,500 ரூபாய். காலை ஆட்டுவதற்கும் மடக்குவதற்கும் இவ்வளவு கொடுத்துப் போக வேண்டுமா என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டேன். இந்த அனுபவம் முழுவதிலும் நான் அதிகம் வருந்துவது இந்த முடிவுக்காகத்தான். ஒரு கைத்தடியை ஊன்றிக்கொண்டு, அதையும் வலிக்கும் பக்கமான இடது கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு மாதங்கள் சாய்ந்து சாய்ந்து நடந்தேன். வலது இடுப்பு நோகத் தொடங்கியது, பிறகு நடுமுதுகு. ஒக்டோபரில் மீண்டும் வகுப்பைத் தொடங்கலாம் என்று எண்ணிப் புறப்பட்ட நாளில், வாசிகசாலைக்குச் செல்லும் பாதையில், சிறு கல்லொன்றை மிதித்து அதே கணுக்கால் மீண்டும் மடங்கியது. எலும்பு தப்பியது. எலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் இணைநார்கள் மீண்டும் வீங்கின.

இம்முறை நேரே இயன்மருத்துவரிடம் போனேன். தமிழ் கொஞ்சம் தெரிந்த இளம்பெண். கோபிப்பார் என்று பயந்தேன், கோபிக்கவில்லை. "வர ஏலாட்டி சொல்லுங்க டீச்சர், வீட்டுல செய்ய நான் படிச்சுத் தாறேன்" என்றார். அவர் முதலில் கைத்தடியை என் வலது கைக்கு மாற்றினார். இடது காலில் நிற்கும் கணத்தில் வலப்பக்க இடுப்பு தொங்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பது இடது இடுப்பின் பக்கத் தசைகள். வலது கையிலுள்ள தடி அந்தப் பாரத்தில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்கிறது. தடி இடது கையில் இருந்தால் உடம்பு இடப்பக்கம் சாயும், முதுகு கோணும். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிய அந்த வாரத்திலேயே முதுகு வலி குறையத் தொடங்கியது.

பயிற்சிகள் எளிமையானவை. ஆனால் நாள் தவறாமல் செய்ய வேண்டியவை. கால் பெருவிரலைப் பேனாவாக எண்ணி ஆங்கில எழுத்துகளை அந்தரத்தில் எழுதச் சொன்னார். நான் அகரத்திலிருந்து எழுதினேன். சுழியும் வளைவும் நிறைந்த நம் எழுத்துகள் கணுக்காலை எல்லாத் திசையிலும் திருப்பிவிடுகின்றன. முதல் வாரம் "இ" எழுதும்போது பாதம் நடுங்கும், மூன்றாம் வாரத்தில் உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் நிறுத்தாமல் எழுதினேன். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிக் கட்டில் காலில் முடிந்து, அதை எதிர்த்துப் பாதத்தை நான்கு பக்கமும் இழுப்பது அடுத்தது. பின்னர் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகால்களையும் உயர்த்தி மெதுவாக இறக்குவது, ஏறும்போது ஒன்று, இறங்கும்போது மூன்று எண்ண வேண்டும். வீக்கம் வராத அளவுக்குப் பத்துப் பத்தாக நாளுக்கு மூன்று முறை. உடற்பயிற்சியின்போது தசை இழுபடுவது போன்ற நோவு இருக்கலாம், மூட்டுக்குள் குத்துகிற வலியோ மறுநாளும் தணியாத வீக்கமோ இருக்கக் கூடாது, இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட ஒற்றைக் காலில் நிற்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. இணைநார்களுக்கும் தசைகளுக்கும் உள்ளே, மூட்டு இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கும் நுண்ணிய உணர்முனைகள் இருக்கின்றன. கண்ணால் பார்க்காமலே கரடுமுரடான பாதையில் நம் பாதம் தன்னைத் திருத்திக்கொள்வது அவற்றால்தான். காயத்தில் அந்த அறிவிப்பும் மந்தமாகிவிடுகிறது. பாதம் மடங்கத் தொடங்கிவிட்டது என்ற செய்தி தாமதமாகப் போவதால் தசை தாமதமாகவே இழுக்கிறது. ஒக்டோபரில் நான் சிறு கல்லுக்கே மடங்கியதன் காரணம் அதுதான். சுவரோரம் இடது காலில் நின்று முப்பது வரை எண்ணப் பழகி, பிறகு கண்ணை மூடி நிற்கப் பழகினேன். மூடிய முதல் நாள் மூன்று எண்ணுவதற்குள் சரிந்தேன்.

செலவுக் கணக்கை மறைக்காமல் எழுதுகிறேன். முறிவு வைத்தியருக்கு 6,500, எக்ஸ்ரேக்கு 2,800, ஊன்றுகோல்களுக்கு 5,200, ஆட்டோவுக்கு ஒன்பது பயணங்களில் 32,500, நான்கு மாதங்கள் வகுப்பு நடத்த முடியாமல் போனதில் மாதம் 24,000 வீதம் 96,000. மொத்தம் 143,000 ரூபாய். அரச வைத்தியசாலையில் பிளாஸ்டருக்கும் பரிசோதனைக்கும் இயன்மருத்துவத்துக்கும் ஒரு சதமும் கேட்கவில்லை. முதல் நாளே 1990ஐ அழைத்து, ஆகஸ்டிலேயே பயிற்சியைத் தொடங்கியிருந்தால், இந்தத் தொகையில் எவ்வளவு என் கையில் இருந்திருக்கும் என்பதைப் பல முறை கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன். அண்ணனிடம் வாங்கிய கடனை அடுத்த ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகக் கட்டினேன்.

2023 ஜனவரியின் நடுவில், காய்ந்த ஒரு காலைப்பொழுதில், கைத்தடி இல்லாமல், ஒரு படிக்கு ஒரு கால் வீதம் மாற்றி மாற்றி வைத்து 43 படிகளையும் இறங்கினேன். அக்கா கீழே நின்று ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டிருந்தார். இடது கெண்டைக்கால் இப்போதும் ஒரு சென்ரிமீற்றர் சிறுத்துத்தான் இருக்கிறது. குளிர்ந்த விடியற்காலைகளில் முதல் பத்து நிமிடங்களுக்குக் கணுக்கால் பிடித்தபடி இருக்கும். அடுப்பில் தேயிலைக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அது கொதிக்கும்வரை மேசை விளிம்பைத் தொட்டபடி இடது குதிகாலை உயர்த்தி இறக்குகிறேன். பெரும்பாலான நாட்களில் இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் இடையில் தண்ணீர் கொதித்துவிடுகிறது.